ஆன்லைன் தேர்வை யார் எழுதலாம், எத்தனை முறை எழுதலாம்: தகுதி, மறுதேர்வு விதிகளை அமைக்க முழுமையான வழிகாட்டி

ஆன்லைன் தேர்வு நடத்துபவர்களுக்கு வரும் புகார்களில் வினாக்களைப் பற்றியவை குறைவு. ‘எனக்குத் தேர்வே திறக்கவில்லை’, ‘இரண்டாவது வாய்ப்பு உண்டு என்றீர்கள், பொத்தானையே காணோம்’, ‘முதல் முறை 72 வாங்கினேன், இப்போது 55 காட்டுகிறது’ என்கிற ரகம்தான் அதிகம். பெரும்பாலும் மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்திருக்கும். விதி என்ன என்று முடிவு செய்வதற்கு முன்பே யாரோ செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்திருப்பார்கள். கண்ணில் பட்ட பெட்டிகளை நிரப்பிவிட்டு ‘சேவ்’ கொடுத்திருப்பார்கள்.

இந்த வழிகாட்டியில் உதாரணங்கள் பெரும்பாலும் மூடுல் என்ற ஆன்லைன் பாட மென்பொருளிலிருந்து வருகின்றன. அது இலவசம், திறந்த மூலம், இந்த விதிகளை நுணுக்கமாக அமைக்க இடம் தருவது. அதே வகைத் தளமான கேன்வாஸ், படிவங்கள் உருவாக்கும் கூகுள் ஃபார்ம்ஸ் இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்பதையும் ஆங்காங்கே சொல்கிறேன். வேறு தளம் பயன்படுத்தினாலும் கேள்விகள் இவையேதான். பெட்டிகளின் பெயர்தான் மாறும்.

படி 1: விதியை முதலில் தாளில் எழுதுங்கள்

செட்டிங்ஸ் பக்கம் இப்போதைக்கு வேண்டாம். இந்தத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறீர்கள்? அதற்கான பதிலில்தான் மற்ற எல்லாமே தொங்குகின்றன.

மாணவர் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பயிற்சித் தேர்வு என்றால் கதவை அகலத் திறந்துவிடலாம்: எத்தனை முறை வேண்டுமானாலும், காத்திருப்பு இல்லாமல், விடைகளும் உடனே. நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பதே படிப்பில் ஒரு பகுதி. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்துவிட்டுத் தேர்வு எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். பயிற்சித் தேர்வில் வாய்ப்புகளைக் கஞ்சத்தனமாகக் கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

பாடத்தின் இறுதி மதிப்பெண்ணில் சேரும் தேர்வு இரண்டாவது வகை. இதில் இரண்டு அல்லது மூன்று வாய்ப்பு, நடுவில் ஓர் இடைவெளி, ஒவ்வொரு முறையும் வேறு வினாக்கள் என்பது நியாயமான தொடக்கம். மூன்றாவது வகை சான்றிதழ் தேர்வு: இவருக்கு இந்த வேலை தெரியும் என்று வெளியாளிடம் உறுதி சொல்வது. இங்கே தகுதியும் இறுக்கமாக இருக்க வேண்டும், மறுதேர்வும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

வகை முடிவானதும் விதியைச் சாதாரண வாக்கியங்களில் எழுதுங்கள். இப்படி:

‘முதல் நான்கு பாடங்களை முடித்து, பயிற்சித் தேர்வில் 60 சதவீதம் எடுத்தவர்கள் எழுதலாம். மூன்று வாய்ப்பு. முதல் வாய்ப்புக்கும் இரண்டாவதற்கும் இடையே 24 மணி நேரம், அதன் பிறகு 7 நாள். கூடுதலான மதிப்பெண் எதுவோ அது கணக்கில் வரும். தேர்வு முழுவதுமாக மூடிய பிறகுதான் சரியான விடைகள் தெரியும்.’

இதைப் படித்ததும் ஒரு மாணவருக்குத் தன் நிலைமை புரிய வேண்டும். புரியவில்லை என்றால் விதி சிக்கலாகிவிட்டது என்று பொருள். மென்பொருளில் போட்டால் அந்தச் சிக்கல் இன்னும் பெருகும்.

படி 2: யார் எழுதலாம்

தகுதி என்று நாம் சொல்வதில் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. இவர் யார்? எந்தக் குழுவைச் சேர்ந்தவர்? இதற்கு முன் எதை முடித்திருக்கிறார்?

முதல் கேள்விக்குப் பதில் கணக்கில் இருக்கிறது. உள்நுழைவு இல்லாமல் யார் வேண்டுமானாலும் திறக்கும் இணைப்பில் ‘ஒருவருக்கு ஒரு முறை’ என்று விதி போடுவது வீண். கூகுள் ஃபார்ம்ஸில் ‘லிமிட் டு ஒன் ரெஸ்பான்ஸ்’ என்பதை இயக்கினால் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். அது கணக்கைத்தான் எண்ணும், ஆளை அல்ல. இரண்டு கணக்கு வைத்திருப்பவர் இரண்டு முறை எழுதலாம். நிறுவனம் கொடுத்த கணக்குகளுக்கு மட்டும் என்று சுருக்கினால் இந்த ஓட்டை அடைபடும். அதே பக்கத்தில், அனுப்பிய பிறகு பதிலைத் திருத்த அனுமதிக்கும் ஒரு வசதியும் உண்டு. தேர்வுக்கு அது அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து விடையை மாற்றுவார்கள்.

மூடுலில் குழு, முன் தகுதி இரண்டுக்கும் இடம் ஒன்றுதான்: தேர்வின் அமைப்புகளில் கீழே இருக்கும் ‘ரெஸ்ட்ரிக்ட் ஆக்சஸ்’. அங்கே ‘ஆட் ரெஸ்ட்ரிக்‌ஷன்’ பொத்தானை அழுத்தினால் தேதி, மதிப்பெண், குழு, பயனர் விவரம், முந்தைய செயல்பாடு முடிந்ததா என்பது எல்லாம் வரும். சில இடங்களில் கவனம் வேண்டும்.

பல நிபந்தனைகள் போட்டால் மேலே ‘ஆல்’, ‘எனி’ என்று ஒரு பெட்டி வரும். எல்லாம் நிறைவேற வேண்டுமா, ஏதாவது ஒன்று போதுமா என்பது இதில்தான் முடிவாகிறது. ‘பயிற்சித் தேர்வில் 60 எடுத்திருக்க வேண்டும், மேலும் காலைக் குழுவிலோ மாலைக் குழுவிலோ இருக்க வேண்டும்’ என்பது போன்ற கலவை விதிக்கு ‘ரெஸ்ட்ரிக்‌ஷன் செட்’ போட்டு, குழு நிபந்தனைகள் இரண்டையும் அந்த உள் தொகுப்பில் ‘எனி’ என்று வையுங்கள், வெளியே ‘ஆல்’ இருக்கட்டும். இரண்டு குழுக்களையும் வெளியிலேயே ‘ஆல்’ கீழ் போட்டால் இரண்டு குழுவிலும் இருப்பவருக்கு மட்டும் திறக்கும். அப்படி ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

நிபந்தனைக்குப் பக்கத்தில் ஒரு கண் படம் இருக்கும். கண் திறந்திருந்தால், தகுதி இல்லாதவருக்கும் தேர்வின் பெயரும் ‘இதை முடித்தால் திறக்கும்’ என்ற காரணமும் தெரியும். மூடியிருந்தால் தேர்வு இருப்பதே தெரியாது. முன் தகுதி நிபந்தனைகளுக்குக் கண்ணைத் திறந்தே வையுங்கள். என்ன செய்தால் திறக்கும் என்று தெரிந்தவர் உங்களுக்கு மின்னஞ்சல் எழுத மாட்டார். குழு நிபந்தனைக்கு மட்டும் மூடலாம். மாலைக் குழுவின் தேர்வு காலைக் குழுவினருக்குத் தெரிய வேண்டியதில்லை.

முந்தைய செயல்பாட்டை முடித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடும்போது, அந்தச் செயல்பாட்டில் ‘முடிந்தது’ என்பதற்கு என்ன அளவுகோல் வைத்திருக்கிறீர்கள் என்று போய்ப் பாருங்கள். பக்கத்தைத் திறந்து பார்த்தாலே முடிந்ததாகக் கணக்காகும் என்றிருந்தால், உங்கள் முன் தகுதி ஒரு கிளிக் அளவுக்குத்தான் கனமானது. தேர்ச்சி பெற்றால் மட்டுமே முடிந்ததாகும் என்று வைக்க, அந்தத் தேர்வில் தேர்ச்சி மதிப்பெண்ணும் நிரப்பியிருக்க வேண்டும்.

மதிப்பெண் நிபந்தனையில் இரண்டு பொறிகள். திரையில் 60 என்று தெரிவது உள்ளே 59.6 ஆக இருக்கலாம். முழு எண்ணாக்கிக் காட்டுவது கண்ணுக்கு மட்டும்தான், ஒப்பிடுவது உண்மையான எண்ணை. 60 வேண்டும் என்றால் 59.5 என்று போடுவதா, அல்லது தசமத்தோடு மதிப்பெண்ணைக் காட்டுவதா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவது பொறி, கையால் திருத்த வேண்டிய கட்டுரை வினா. அது திருத்தப்படும் வரை மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாதவரை அடுத்த தேர்வு திறக்காது. திருத்துபவர் விடுப்பில் போனால் வகுப்பு முழுவதும் வாசலில் நிற்கும். முன் தகுதித் தேர்வில் தானாகத் திருத்தப்படும் வினாக்களை மட்டும் வைப்பது நல்லது.

படி 3: எப்போது, எவ்வளவு நேரம்

‘ஓப்பன்’, ‘க்ளோஸ்’ என்பவை தேர்வின் ஜன்னல். ‘டைம் லிமிட்’ என்பது ஒரு முயற்சிக்கான கடிகாரம். இரண்டும் மோதினால் ஜன்னல்தான் ஜெயிக்கும். 60 நிமிடத் தேர்வை, மூடுவதற்கு 20 நிமிடம் முன்பு தொடங்கியவருக்கு 20 நிமிடம்தான். கேன்வாஸிலும் ‘அன்டில்’ நேரம் வந்தால் எழுதிக்கொண்டிருக்கும் தேர்வு தானாகச் சமர்ப்பிக்கப்பட்டுவிடும். ஆகவே மாணவர்களிடம் ‘கடைசித் தேதி’ என்று சொல்வதோடு நிறுத்தாமல், ‘முழு நேரமும் வேண்டுமானால் இந்த மணிக்குள் தொடங்குங்கள்’ என்றும் சொல்லுங்கள்.

மூடும் நேரத்தை நள்ளிரவு 12:00 என்று வைக்காதீர்கள். 15-ஆம் தேதி 12:00 என்றால் 14 முடியும் நேரமா, 15 முடியும் நேரமா என்று பாதிப் பேர் குழம்புவார்கள். 11:59 என்று வைத்தால் குழப்பம் இல்லை. வெவ்வேறு நேர மண்டலங்களில் மாணவர்கள் இருந்தால் அறிவிப்பில் எந்த மண்டலத்தின் நேரம் என்பதை எழுதுங்கள். தளம் அவரவர் கணக்கில் உள்ள மண்டலத்துக்கு மாற்றிக் காட்டும், உங்கள் மின்னஞ்சல் காட்டாது.

நேரம் முடிந்ததும் என்ன நடக்க வேண்டும்? மூடுலில் மூன்று வழிகள். தானாகச் சமர்ப்பிப்பது இயல்பாக அமைந்திருப்பது, அதையே வையுங்கள். சலுகை நேரம் கொடுப்பதில், புதிதாக விடை எழுத முடியாது, சமர்ப்பிக்க மட்டும் முடியும். மூன்றாவது, நேரத்துக்குள் சமர்ப்பிக்காவிட்டால் கணக்கில் வராது என்பது. இந்த மூன்றாவதில் மதிப்பெண்தான் கணக்கில் வராது, வாய்ப்பு கணக்கில் வந்துவிடும். கடைசி நிமிடத்தில் இணையம் போனவர் உழைப்பையும் இழப்பார், ஒரு வாய்ப்பையும் இழப்பார். இதை எங்கே பயன்படுத்துவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

படி 4: எத்தனை வாய்ப்பு

மூடுலில் ‘அட்டெம்ப்ட்ஸ் அலவ்டு’ என்ற இடத்தில் 1 முதல் 10 வரையோ, எல்லையில்லாமலோ தேர்ந்தெடுக்கலாம். கேன்வாஸில் ‘அலவ் மல்டிபிள் அட்டெம்ப்ட்ஸ்’ என்பதை இயக்கி எண்ணைக் கொடுக்க வேண்டும்.

எண்ணை முடிவு செய்வதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. சரியா, தவறா என்று கேட்கும் 10 வினாக்கள், தேர்ச்சிக்கு 6. எதுவும் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவர் தேறுவதற்கு வாய்ப்பு சுமார் 38 சதவீதம். மூன்று முயற்சி கொடுத்தால், ஏதாவது ஒன்றில் தேறும் வாய்ப்பு சுமார் 76 சதவீதம் ஆகிறது. அதே 10 வினாக்களை நான்கு விடைகள் கொண்டதாக மாற்றுங்கள்: ஒரு முயற்சியில் 2 சதவீதம், மூன்றில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. முயற்சிகளின் எண்ணிக்கையை அதிகமாக்க வேண்டும் என்றால் முதலில் வினாவின் வகையையும் தேர்ச்சி மதிப்பெண்ணையும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். சரி-தவறு வினாக்களே நிறைந்த தேர்வுக்கு மூன்று வாய்ப்பு கொடுப்பதும் தேர்வே வைக்காததும் கிட்டத்தட்ட ஒன்று.

பெரிய தேர்வு அமைப்புகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பதும் உதவும். மைக்ரோசாஃப்ட் சான்றிதழ் தேர்வுகளில் முதல் தோல்விக்குப் பின் 24 மணி நேரம், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 14 நாள் காத்திருக்க வேண்டும். 12 மாதத்தில் ஐந்து முறைக்கு மேல் கூடாது. அமேசானின் கிளவுட் பிரிவான அமேசான் வெப் சர்வீசஸ் தன் சான்றிதழ் தேர்வுகளில் எண்ணிக்கைக்கு எல்லை வைக்கவில்லை, ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் 14 நாள் இடைவெளி. தகவல் தொழில்நுட்பச் சான்றிதழ் வழங்கும் காம்ப்டியா அமைப்பின் தேர்வில் இரண்டாவது முயற்சிக்குக் காத்திருப்பே கிடையாது, மூன்றாவதிலிருந்துதான் 14 நாள். முதுநிலைப் படிப்புச் சேர்க்கைக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வை 21 நாளுக்கு ஒரு முறை, எந்தத் தொடர்ச்சியான 12 மாதத்திலும் ஐந்து முறை வரை எழுதலாம். இவை அவ்வப்போது மாறக்கூடியவை, ஆகவே மாதிரியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது: முதல் தோல்வியைப் பலர் மென்மையாக நடத்துகிறார்கள். பதற்றம், இணையக் கோளாறு, வினாவைத் தப்பாகப் படித்தது என்று முதல் முறை தவறுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். இரண்டாவது முறையும் தவறினால் அவர் படிக்க வேண்டியிருக்கிறது, படிக்க நாள் வேண்டும்.

ஜிஆர்இ விதியில் ‘தொடர்ச்சியான 12 மாதம்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். ‘ஆண்டுக்கு ஐந்து முறை’ என்று மட்டும் எழுதினால் டிசம்பரில் ஐந்து, ஜனவரியில் ஐந்து என்று ஒருவர் எழுதுவார். விதியின் எழுத்துப்படி அவர் செய்தது சரியே.

படி 5: நடுவில் எவ்வளவு இடைவெளி

மூடுலில் ‘எக்ஸ்ட்ரா ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் ஆன் அட்டெம்ப்ட்ஸ்’ பகுதியில் இரண்டு பெட்டிகள். ஒன்று, முதல் முயற்சிக்கும் இரண்டாவதற்கும் இடையே கட்டாயக் காத்திருப்பு. மற்றொன்று, அதன் பிறகான முயற்சிகளுக்கு. காலம், தேர்வை முடித்த நேரத்திலிருந்து எண்ணப்படும், தொடங்கிய நேரத்திலிருந்து அல்ல. ‘ஒரு நாள்’ என்றால் நாட்காட்டியில் மறுநாள் என்று மாணவர் நினைப்பார். மென்பொருளுக்கு அது 24 மணி நேரம். இரவு 10 மணிக்கு முடித்தவர் மறுநாள் காலை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுக் கோபப்படுவார். 12 மணி நேரம் என்று வைத்தால் ‘நாளைக்கு எழுதலாம்’ என்ற எதிர்பார்ப்பும் நிறைவேறும், அதே உட்காரலில் மீண்டும் எழுதுவதும் தடைபடும்.

அடுத்தது, அதிகம் பேர் கவனிக்காதது. இடைவெளியையும் ஜன்னலையும் கூட்டிப் பாருங்கள். மூன்று வாய்ப்பு, இடைவெளி 1 நாள், பிறகு 7 நாள். ஆக மொத்தம் 8 நாள் காத்திருப்பு. தேர்வு ஒரு வாரம்தான் திறந்திருக்கும் என்றால் மூன்றாவது வாய்ப்பு யாருக்குமே இல்லை. அறிவிப்பில் மட்டும் இருக்கிறது. பத்து நாள் திறந்திருந்தால் முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கியவருக்குக் கிடைக்கும், நான்காம் நாள் தொடங்கியவருக்குக் கிடைக்காது. மூடுல் இதைத் தானாகச் சரிசெய்யாது. காத்திருப்பு முடியும் முன்பே தேர்வு மூடிவிடும் என்று மாணவருக்கு ஒரு செய்தியை மட்டும் காட்டும். ஜன்னலை நீட்டுங்கள், அல்லது இடைவெளியைக் குறையுங்கள், அல்லது ‘மூன்று வாய்ப்பும் வேண்டுமானால் இந்தத் தேதிக்குள் தொடங்குங்கள்’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இடைவெளியில் மாணவர் என்ன செய்யப்போகிறார் என்பதையும் யோசியுங்கள். எதில் தவறினார் என்றே சொல்லாமல் ஏழு நாள் காக்க வைத்தால் அது தண்டனைக் காலம், படிப்புக் காலம் அல்ல. எந்தப் பாடப்பகுதியில் எவ்வளவு என்றாவது தெரிய வேண்டும்.

படி 6: எந்த மதிப்பெண் கணக்கில் வரும்

மூடுலில் நான்கு வழிகள்: அதிகபட்சம், சராசரி, முதல் முயற்சி, கடைசி முயற்சி. கேன்வாஸில் அதிகபட்சம், கடைசி, சராசரி. வெறும் கணக்கு முறைகள் போலத் தெரியும் இவை மாணவரின் நடத்தையையே மாற்றும்.

அதிகபட்சம் என்றால் மறுமுறை எழுதுவதில் இழப்பு ஏதும் இல்லை. தயக்கமில்லாமல் எழுதுவார்கள். அதோடு, ‘சும்மா ஒரு முறை வினாக்களைப் பார்த்துவிட்டு வருவோம்’ என்றும் எழுதுவார்கள். கடைசி முயற்சி என்றால் 72 வாங்கியவர் மறுபடி எழுதி 55-க்கு இறங்கலாம். தொடக்கத்தில் சொன்ன புகார் இங்கிருந்துதான் வருகிறது. இதைத் தேர்ந்தெடுத்தால், தொடங்கும் முன்பே எச்சரிக்கை கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும். சராசரி, கைவிட்ட ஒரு முயற்சியையும் விடாது: திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போனவருக்குப் பூஜ்யம் பதிவாகி, அடுத்து 80 எடுத்தாலும் 40-தான் நிற்கும். முதல் முயற்சி மட்டும் மதிப்பெண்ணுக்கு, மற்றவை பயிற்சிக்கு என்பது நல்ல அமைப்பு, ஆனால் அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை.

எதை எடுப்பது என்று தெரியவில்லை என்றால் அதிகபட்சத்தை எடுங்கள். வினாக்களைப் பார்த்துவிட்டு வரும் பழக்கத்தை வினா வங்கியால், அதாவது தேவைக்கு மேல் எழுதிச் சேர்த்து வைத்த வினாக்களின் தொகுப்பால், சமாளிக்கலாம், அது படி 8.

படி 7: தவறியவர்களுக்கு மட்டும் மறுதேர்வு

‘தேறாதவர்கள் மட்டும் மறுபடி எழுதலாம்’ என்பது எளிய விதி போலத் தோன்றும். மூடுலில் தேர்ச்சி பெற்றதும் மீதி வாய்ப்புகளை மூடும் நேரடிப் பெட்டி இல்லை. வழி என்னவென்றால், முதன்மைத் தேர்வுக்கு ஒரே வாய்ப்பு கொடுத்துவிட்டு, மறுதேர்வைத் தனித் தேர்வாக உருவாக்கி, அதில் ‘முதன்மைத் தேர்வின் மதிப்பெண் 60-க்குக் கீழ்’ என்று மதிப்பெண் நிபந்தனை போடுவது. இது நன்றாகவே வேலை செய்யும், இரண்டு இடங்களைத் தவிர.

முதன்மைத் தேர்வுக்கே வராதவருக்கு மதிப்பெண் என்று ஒன்று இல்லை. மதிப்பெண் இல்லாதது பூஜ்யம் ஆகாது, ஆகவே ‘60-க்குக் கீழ்’ என்ற நிபந்தனை அவருக்குப் பொருந்தாது. மறுதேர்வும் திறக்காது. வராதவர்களுக்கும் மறுதேர்வு உண்டு என்பது உங்கள் விதியானால், அவர்களுக்கு முதன்மைத் தேர்வில் பூஜ்யம் பதிவு செய்யுங்கள், அல்லது அவர்களை ஒரு குழுவில் போட்டு ‘எனி’ தொகுப்பில் அந்தக் குழுவையும் சேருங்கள்.

அடுத்தது, தவறான விடைக்குறிப்பு. ஒரு வினாவின் விடை தவறு என்று பின்னால் தெரிந்து, மறுமதிப்பீடு செய்கிறீர்கள். 58 எடுத்தவர் 61 ஆகிவிடுகிறார். அந்த நொடியில் மறுதேர்வு அவருக்கு மூடிக்கொள்ளும்; பாதி எழுதிக்கொண்டிருந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. மறுமதிப்பீடு எல்லாம் முடிந்த பிறகு மறுதேர்வைத் திறப்பதுதான் பாதுகாப்பு. இரண்டுக்கும் நடுவே இரண்டு நாள் விட்டால் போதும்.

மறுதேர்வில் எவ்வளவு எடுத்தாலும் தேர்ச்சி மதிப்பெண்ணான 60-க்கு மேல் கணக்கில் வராது என்று சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. மறுதேர்வின் மொத்த மதிப்பெண்ணை 60 ஆகக் குறைத்துவிட்டு, இரண்டையும் ‘ஹையஸ்ட் கிரேடு’ வகைப் பிரிவில் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. அந்தப் பிரிவு மதிப்பெண்களைச் சதவீதமாக்கித்தான் ஒப்பிடும். 60-க்கு 54 எடுத்தவர் 90 சதவீதம் என்று மேலே போய்விடுவார். மதிப்பெண் ஏட்டில் கணக்கீட்டுச் சூத்திரம் எழுத வேண்டும்: மறுதேர்வு மதிப்பெண், 60 இரண்டில் சிறியதை எடு; அதையும் முதன்மைத் தேர்வு மதிப்பெண்ணையும் ஒப்பிட்டுப் பெரியதை எடு. இதற்கு இரண்டு தேர்வுகளுக்கும் அடையாள எண் கொடுத்திருக்க வேண்டும்.

படி 8: நடுவில் என்ன தெரிய வேண்டும், வினாக்கள் எப்படி மாற வேண்டும்

வாய்ப்பு, இடைவெளி எல்லாவற்றையும் யோசித்து அமைத்துவிட்டு, முதல் முயற்சி முடிந்ததும் சரியான விடைகளைக் காட்டிவிட்டால் மொத்த ஏற்பாடும் வீண். மூடுலில் ‘ரிவ்யூ ஆப்ஷன்ஸ்’ நான்கு கட்டங்களாக இருக்கும்: எழுதும்போது, முடித்த உடனே, பிறகு தேர்வு திறந்திருக்கும்போது, தேர்வு மூடிய பிறகு. ‘உடனே’ என்பது முடித்த இரண்டு நிமிடத்துக்கு மட்டும். பல வாய்ப்புள்ள தேர்வில் சரியான விடை என்ற குறியைக் கடைசிக் கட்டத்தில் மட்டும் வையுங்கள். மதிப்பெண்ணையும் பொதுவான கருத்துரையையும் முன்பே காட்டலாம். எந்த வினா தவறு என்று காட்டுவதா என்பது வினா வங்கியின் அளவைப் பொறுத்தது.

மூடும் தேதி வைக்காத தேர்வுக்குக் கடைசிக் கட்டம் வரவே வராது. விடைகளை மாணவர் ஒருபோதும் பார்க்க மாட்டார். கேன்வாஸில் கடைசி முயற்சிக்குப் பிறகு மட்டும் காட்டு என்ற வசதி இருக்கிறது. பல வாய்ப்புத் தேர்வுகளுக்கு அது பொருத்தமானது.

வினா வங்கி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? 20 வினாத் தேர்வை 30 வினா வங்கியிலிருந்து முற்றிலும் தற்போக்காக எடுத்தால், இரண்டு முயற்சிகளுக்கு இடையே சராசரியாக 13 வினாக்கள் ஒன்றாகவே வரும். 60 இருந்தால் ஏறக்குறைய 7, 100 இருந்தால் 4. தேர்வின் வினா எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, வங்கியின் அளவால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். மூடுலின் தற்போக்கு வினா, அதே மாணவர் அந்தத் தேர்வில் முன்பு பார்க்காதவற்றுக்கு முன்னுரிமை கொடுக்கும். ஆகவே மூன்று முயற்சிக்கு 60 வினாக்கள் இருந்தால் ஒன்றும் திரும்ப வராமல் ஓட்டிவிடலாம்.

ஆனால் மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள், பிரிவுவாரியாகப் பாருங்கள். கடினமான பிரிவில் 8 வினாக்கள்தான் இருக்கின்றன, ஒவ்வொரு முறையும் அதிலிருந்து 5 எடுக்கிறீர்கள் என்றால் இரண்டாவது முயற்சியிலேயே இரண்டு திரும்பி வரும். வினா எழுதும் வேலை சலிப்பானது, உண்மைதான். கடினமான பிரிவிலிருந்து தொடங்குங்கள். திரும்பி வருவது அங்கேதான் அதிகம்.

மூடுலில் ‘ஈச் அட்டெம்ப்ட் பில்ட்ஸ் ஆன் தி லாஸ்ட்’ என்ற ஒன்று உண்டு. அதை இயக்கினால் முந்தைய முயற்சியின் வினாக்களும் விடைகளும் அப்படியே வந்து நிற்கும். பயிற்சிக்கு நல்லது, மதிப்பெண் தேர்வில் இருக்கவே கூடாது.

படி 9: விதிவிலக்குகள்

எந்த விதிக்கும் விலக்கு கேட்டு யாராவது வருவார்கள். அதற்காகத் தேர்வின் பொது அமைப்பில் கை வைக்காதீர்கள். ஒருவருக்காக வாய்ப்பை 2-லிருந்து 3 ஆக்கினால் அனைவருக்கும் மூன்று ஆகிவிடும். ‘எழுதி முடித்ததும் திரும்ப மாற்றிவிடுவேன்’ என்பது மறந்துபோகும்.

மூடுலில் ‘ஓவர்ரைட்ஸ்’ என்ற பக்கத்தில் தனி ஆளுக்கோ குழுவுக்கோ திறக்கும் நேரம், மூடும் நேரம், கால அளவு, வாய்ப்பு எண்ணிக்கை, கடவுச்சொல் ஆகியவற்றை மாற்றலாம். தனி ஆள் விலக்கும் குழு விலக்கும் ஒருவருக்கே இருந்தால் தனி ஆள் விலக்குதான் செல்லும். ஒருவர் இரண்டு குழுவில் இருந்தால் அவருக்குச் சாதகமானது எதுவோ அது. கேன்வாஸில் ‘மாடரேட் திஸ் க்விஸ்’ பக்கத்தில் ஒருவருக்குக் கூடுதல் முயற்சியோ கூடுதல் நேரமோ கொடுக்கலாம்.

பார்வைக் குறைபாடு, எழுதுவதில் சிரமம் போன்றவற்றுக்காகக் கூடுதல் நேரம் கொடுக்கும்போது கால அளவை மட்டும் 60-லிருந்து 90 ஆக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். ஜன்னல் ஒரு மணி நேரம்தான் திறந்திருக்கிறது என்றால் அந்த 30 நிமிடம் கிடைக்காது. மூடும் நேரத்தையும் அதே விலக்கில் தள்ளி வையுங்கள். இந்தச் சலுகை ஒவ்வொரு தேர்வுக்கும் தேவைப்படும் என்பதால், அவர் ஒவ்வொரு முறையும் வந்து கேட்க வேண்டிய நிலையை வைக்காமல், பருவத் தொடக்கத்திலேயே எல்லாத் தேர்வுகளுக்கும் போட்டுவிடுங்கள்.

‘இணையம் போய்விட்டது’ என்பவருக்கு என்ன செய்வது? முடிவு முன்பே எழுதப்பட்டிருக்கட்டும். தேர்வுப் பதிவில் எந்த நேரத்தில் எந்த வினாவைச் சேமித்தார் என்பது தெரியும். கடைசியாகச் சேமித்த நேரத்துக்குப் பிறகு வெறுமையாக இருந்தால் அவர் சொல்வது பதிவோடு ஒத்துப்போகிறது. ஒரு கூடுதல் வாய்ப்பு கொடுங்கள். முந்தைய முயற்சியை அழிக்காதீர்கள். அழித்துவிட்டால் பின்னால் கேள்வி வரும்போது காட்ட எதுவும் இருக்காது. கொடுத்த விலக்கு, காரணம், தேதி மூன்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

படி 10: திறக்கும் முன் சோதனை

ஆசிரியர் கணக்கில் ‘ப்ரிவ்யூ’ பார்ப்பது விதிகளைச் சோதிக்காது. ஆசிரியருக்குப் பல தடைகள் பொருந்துவதே இல்லை. பாத்திரத்தை ‘மாணவர்’ என்று மாற்றிப் பார்ப்பதும் அரைகுறைதான். உங்களுக்குக் குழுவும் இல்லை, பழைய மதிப்பெண்ணும் இல்லை. உண்மையான மாணவர் கணக்குகள் சிலவற்றைச் சோதனைக்கென்று உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலைமை கொடுங்கள்:

- எல்லாத் தகுதியும் உள்ளவர்
- முன் தகுதியில் சரியாக எல்லையில் நிற்பவர், அதாவது 60-ம் 59.6-ம்
- முன் தேர்வுக்கே வராதவர்
- ஒரு முயற்சி முடித்து, காத்திருப்பில் இருப்பவர்
- கூடுதல் நேர விலக்கு உள்ளவர்

காத்திருப்பைச் சோதிக்க ஏழு நாள் உட்கார வேண்டாம். இடைவெளியைத் தற்காலிகமாக ஐந்து நிமிடமாக்கிப் பார்த்துவிட்டு, உடனே திரும்ப ஏழு நாள் ஆக்குங்கள். ஆக்கியதை இன்னொருவரைக் கொண்டு சரிபார்க்கச் சொல்லுங்கள்.

தேர்வு தொடங்கிய பிறகு மாற்ற நேர்ந்தால்

முயற்சிகள் பதிவான பிறகு மூடுலில் வினாக்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. விதிகளை மாற்ற முடியும், ஆனால் ஒவ்வொன்றின் விளைவும் வேறு. வாய்ப்பை அதிகமாக்குவது யாரையும் பாதிக்காது. குறைத்தால் ஏற்கெனவே எழுதியவை அழியாது. ஆகவே சிலர் மூன்று, சிலர் இரண்டு என்று ஆகிவிடும். மதிப்பெண் கணக்கிடும் முறையை மாற்றினால் எல்லாருடைய இறுதி மதிப்பெண்ணும் புதிதாகக் கணக்கிடப்படும். காலையில் 72 பார்த்தவர் மாலையில் 55 பார்ப்பார். தகுதி நிபந்தனையை இறுக்கினால் அது அந்த நொடியே அமலுக்கு வரும், எழுதிக்கொண்டிருப்பவரையும் வெளியே நிறுத்தும்.

தளர்த்தும் மாற்றங்களைத் தேர்வு நடக்கும்போதும் செய்யலாம். இறுக்கும் மாற்றங்களை அடுத்த தேர்வுக்குத் தள்ளுங்கள். எது செய்தாலும், படி 1-ல் எழுதிய அந்தப் பத்தியையும் திருத்தி, தேர்வின் முகப்புப் பக்கத்தில் இருக்கும் விளக்கத்தில் மாற்றிய தேதியோடு போடுங்கள். மாணவர் ‘தொடங்கு’ பொத்தானை அழுத்தும் முன் கடைசியாகப் பார்ப்பது அந்தப் பக்கம்தான்.